பூட்டிக் கிடக்கும் வீடுகள்

(செட்டிநாட்டு நகர விடுதி ஒன்றில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, நகரச் சிவன் கோவில் காரியக்காரர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து உட்கார வைத்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, வெளியூரிலிருந்து வந்திருக்கும் பங்காளிகளே, அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தையும் கொடுத்து வெயிலுக்குப் பந்தலும் போட்டுத் தந்த விடுதி நிர்வாகத்தாருக்கு நன்றி.

பூட்டிய வீட்டின் வயதை அறிவது, அதன் காகிதங்களைக் காப்பது, பங்காளிகளின் உரிமைச் சிக்கலுக்கு நடுவிலும் வீட்டை விழாமல் காப்பது என்று மூன்று செய்திகள் பேச வந்திருக்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் பகுதியின் பெரிய வீடுகள் பெரும்பாலும் 1850க்கும் 1940களுக்கும் இடையில் எழும்பியவை. குறிப்பாக எந்த ஆண்டு? நிலைக்கு மேலே ‘சுக்கில வருஷம்’ என்று செதுக்கியிருக்கிறது என்று வையுங்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் பெயர் அது. 1869ஆகவும் இருக்கலாம், 1929ஆகவும் இருக்கலாம். அண்ணாந்து உத்தரத்து இரும்பைப் பாருங்கள். டாட்டா முத்திரை இருந்தால், ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்க்கத் தொடங்கியதே 1912இல்தான். ஆனால் அந்த இரும்பு பிற்பாடு செருகியதா என்பதையும் பார்க்க வேண்டும். அது சுவருக்குள் போகும் இடத்தில் பூச்சு நிறம் மாறியிருந்தால் பிற்பாடு வந்ததாக இருக்கலாம்.

கூரை ஓட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘பாசல் மிஷன் 1865’ என்று அச்சு இருந்தால் உடனே வீட்டுக்கு அந்த வயதைக் கொடுத்துவிடுகிறார்கள். பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சங்கம் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. அந்தப் பெயர் இருந்தால் ஓடு அதற்குப் பிந்தியது. ஒரே கூரையில் இரண்டு பெயரும் கலந்திருந்தால் நடுவில் ஓடு மாற்றியிருக்கிறார்கள், அல்லது வேறு வீட்டு ஓடு வந்திருக்கிறது.

ஏன் பூட்டினார்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாதி விடை பர்மாவில் இருக்கிறது. அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்துத் தொழில் செய்த நம்மவர்களுக்கு, 1930களின் மந்தத்தில் கடனுக்கு ஈடாக நிலம் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பு, 1948இல் நில தேசியமயச் சட்டம், 1960களில் கடைகளும் வங்கிகளும் அரசுடைமை. வருமானம் நின்ற பிறகு வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி இத்தனை அறைகளையும் யார் பராமரிப்பது?

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துப் பாருங்கள். சென்னையில் விளம்பரப் பலகை எழுதியவர். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கத் தொடங்கிய பழக்கம், கோட்டையூர் வீடு நிரம்பும் அளவுக்கு வளர்ந்தது. நூல், நாளிதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை ஒன்றையும் அவர் குப்பை என்று தள்ளவில்லை. பந்தி முடிந்தால் நாம் கிழித்துப் போடும் காகிதம்! அவர் 1992இல் காலமானார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கிக் காத்தது. சென்னையில் நூலகமாக அது நிற்கிறது. தமிழ் அச்சு வரலாற்றை எழுத வருகிறவர் யாரானாலும் அந்தப் படி ஏறித்தான் போக வேண்டும். கோட்டையூரில் ஒருவர் சேர்த்தார், உலகமே வந்து வாசிக்கிறது. உங்கள் பெட்டகத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் திறந்து பார்த்தீர்களா? சுவர் இருந்தால்தான் சித்திரம், அம்மா. வீடு நின்றதால்தான் அந்தக் காகிதம் நின்றது.

பேரேடு, ஐந்தொகை என்னும் வரவு செலவு இருப்புக் கணக்கு, இசைகுடிமானம் என்னும் கல்யாண ஒப்பந்தம், ரங்கூன் கடிதம் எது கிடைத்தாலும், நகர்த்துவதற்கு முன் எந்த அறை, எந்தப் பெட்டி என்று எழுதுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் அட்டை முதல் கடைசி வரை, வெற்றுப் பக்கம் உட்பட, வரிசை மாறாமல் படம் எடுங்கள். லேமினேஷன் வேண்டாம், செலோ டேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். பழைய கணக்கில் தமிழ் எண்களும் ௵, ௴, ௳ என்று ஆண்டு, மாதம், தேதிக் குறிகளும் வரும். படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். வீட்டின் பத்திரப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று, பிற்கால ஆண்டுகளுக்கு இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். இணையத்தில் இல்லாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும்.

பங்காளிகளின் உரிமைக்கு வருகிறேன். ஒரு வீட்டுக்கு எத்தனையோ கையெழுத்து. ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் கோவை. வழக்கு முடியும் வரை மழை காத்திருக்காது. வீடு விழுவது கூரையிலிருந்துதான். இரண்டு சரிவுகள் சேரும் மூலையில் சருகு அடைக்கிறது, தண்ணீர் தேங்கி உள்ளே திரும்புகிறது, கைமரம் நனைகிறது, கரையான் ஏறுகிறது. அரசங்கன்று சுவருக்குள் வேர் விடுகிறது. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுகிறவர்கள் ஈரத்தை உள்ளே அடைத்து உப்புப் பொரியச் செய்கிறார்கள். பிறகு ஒருநாள் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. எந்த வீட்டுத் தூண் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். வழக்கு நடக்கட்டும், சாவி வைத்திருப்பவர் ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் வீட்டைத் திறக்க வேண்டும். சருகு அள்ளி, உடைந்த ஓடு மாற்றி, கன்றை வேரோடு பிடுங்கி, அறை அறையாகப் படம் எடுத்துப் பங்காளிகள் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். கூரை ஏறத் தெரிந்த கொத்தனார்களும் வந்திருக்கிறார்கள். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். வீட்டு விலாசத்தையும் சாவி யாரிடம் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.