படுத்த நேரத்தைச் சொல்லுங்க

(கோபிசெட்டிபாளையத்தில் மூத்தோர் கூட்டம் ஒன்றில் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

"டாக்டர், ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்துருதுங்க, தூக்கமே இல்லை." என்னிடம் வருகிற பெரியவர்கள் அதிகம் சொல்லும் குறை இதுதான். எத்தனை மணிக்குப் படுத்தீங்க என்று கேட்பேன். "எட்டு மணிக்கே படுத்துட்டேனுங்க." சரி, 8-லிருந்து 3 வரை 7 மணி நேரம் ஆகிறது. 65 வயதைத் தாண்டியவருக்கு 7, 8 மணி நேரத் தூக்கம் போதும். இதில் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் போட்ட தூக்கத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை!

வயதாக ஆக உடம்புக்குள் ஓடும் கடிகாரம் முந்திவிடுகிறது. ஆழ்ந்த தூக்கமும் குறைகிறது. நாய் குரைத்தாலே விழிப்பு வந்துவிடும். போதாததற்கு, காலம் பூராவும் விடியலில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிய உடம்பு. மாட்டை விற்றாயிற்று, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. கடிகாரத்தை யாரிடம் விற்பது? அதைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளத்தான் முடியும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே நடங்கள். 10 மணிக்குப் படுங்கள். மதியத் தூக்கம் 3 மணிக்கு முன்னால், அரை மணி நேரத்துக்குள்.

அப்புறம் காபி. ஒரம்பரை வந்தால் அவர்களோடு நாமும் ஒரு டம்ளர் குடிக்காமல் இருப்போமா? குடித்த காபியின் காஃபீனில் ஏறத்தாழ பாதி, 5 மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். 6 மணிக்கு வரும் ஒரம்பரைக்குத் தாராளமாகக் கொடுங்கள். நீங்கள் மோர் குடியுங்கள்.

நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிற ஐம்பது வயதுக்காரருக்கு இந்த உபதேசம் எதுவும் பொருந்தாது. காலை வெயிலில் வீடு திரும்பினால் உடம்பு அதைப் பகல் என்றே எடுத்துக்கொள்ளும். கறுப்புக் கண்ணாடி, இருட்டறை, தினமும் ஒரே நேரம் படுப்பது, இவை ஓரளவு உதவும். ஆனால் வாரத்துக்கு வாரம் ஷிப்டை மாற்றினால் அவர் என்ன செய்வார்? அதை நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். ராத்திரி பாத்ரூம் போகும்போது தள்ளாடி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். "ஒரு கட்டிங் போட்டாத்தான் தூக்கம் வருது" என்பவர்களுக்கும் சொல்கிறேன்: தூக்கம் சீக்கிரம் வரும், பின்னிரவில் கலைந்துபோகும், குறட்டையும் கூடும்.

அந்தக் குறட்டை விஷயத்தை அம்மிணிகளிடம்தான் சொல்லவேண்டும். குறட்டை நடுவில் சட்டென்று நின்று, மூச்சுத் திணறி, மறுபடி ஆரம்பிக்கிறதா? பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறாரா? அது அசதியில்லை, தூக்கத்தில் வரும் மூச்சுத்தடையாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். நான் குறட்டையே விடுவதில்லை என்று அவர் சாதிப்பார். செல்போனில் பதிவு செய்து, ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சரி, கேள்வி இருந்தால் கேளுங்க.