மாமாவின் 24உம் 48உம்

வணக்கம் உறவுகளே. இன்றைக்குக் கிளிநொச்சியில் மாமாவின் உரக்கொட்டிலுக்குள் நின்று கதைக்கிறேன். வெளியில் சோளகம் அடிக்கிற அடியில் மைக்கில் ஒன்றும் கேட்காது.

இந்த இரண்டு கடதாசியையும் பாருங்கள், இரண்டும் மாமாவின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பெயரை விரலால் மறைத்திருக்கிறேன். ஒன்று தனியார் ஆய்வுகூடத்தில் எடுத்தது, பி.யு.என். 24. மற்றது ஆறு நாள் கழித்துக் கிளினிக்கில் எடுத்தது, பிளட் யூரியா 48. மாமா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு கிழமையில இரண்டு மடங்காப் போச்சு, கிட்னி முடிஞ்சுது" என்று சாப்பாட்டையே விட்டுவிட்டார். முதல் டெஸ்டுக்கு முதல்நாள்தான் சிறுபோக வயலுக்கு யூரியா எறிந்திருந்தார். கைவழியாக உரம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்று வேறு யோசனை.

உரம் ஏறவில்லை. ஆனால் யூரியா என்பது அதே பொருள்தான், அதில் மாமா பிழையில்லை. நாம் சாப்பிடுகிற மீன், முட்டை, பருப்பில் உள்ள புரதம் உடைந்து வருகிற கழிவை ஈரல் யூரியாவாக்குகிறது. சிறுநீரகம் அதை வெளியே விடுகிறது.

சரி, அந்த 24, 48? விடை இந்த யூரியாப் பையிலேயே இருக்கிறது. கமராவைக் கிட்டக் கொண்டுபோகிறேன். 46 என்று போட்டிருக்கிறதா? நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ நைதரசன், அவ்வளவுதான். பி.யு.என். என்றால் யூரியாவில் உள்ள நைதரசனை மட்டும் நிறுத்துச் சொல்வது. பிளட் யூரியா என்றால் முழு யூரியாவையும் நிறுப்பது. சுத்தமான யூரியாவில் நூற்றுக்கு 46.7 பங்கு நைதரசன், 100ஐ அதால் பிரித்தால் 2.14. அதனால் பி.யு.என்.னை 2.14ஆல் பெருக்கினால் யூரியா வரும். 24ஐப் பெருக்குங்கள், 51. அப்படியென்றால் 51 இருந்தது 48ஆகக் குறைந்திருக்கிறது! சில இடத்தில் மில்லிமோல் என்ற வேறு அலகில் தருவார்கள். அதில் இதே 48, 8 என்று வரும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம். இலக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள அலகையும் அந்த ஆய்வுகூடத்தின் சாதாரண அளவையும் முதலில் பாருங்கள். பி.யு.என். பெரியவர்களுக்கு ஒரு டெசிலீற்றர், அதாவது 100 மில்லிலீற்றர், இரத்தத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 20 மில்லிகிராம்.

24 கொஞ்சம் கூடத்தான். ஆனால் சிறுநீரகம் வெளியே விடுகிற இன்னொரு கழிவான கிரியேட்டினின் மாமாவுக்கு 1.1, அது சாதாரணம். 24ஐ 1.1ஆல் பிரித்தால் 22 வருகிறது. இது 20ஐத் தாண்டினால் டொக்டர்மார் முதலில் யோசிப்பது உடம்பில் தண்ணீர் குறைவா என்றுதான். குளத்தில் தண்ணீர் வற்றினால் துருசை இறுக்கிப் பூட்டுவோமே, சிறுநீரகமும் அப்படித் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அதோடு யூரியாவும் உள்ளுக்குத் திரும்பிவிடும், கிரியேட்டினின் அந்தளவுக்குத் திரும்பாது. குடலில் இரத்தம் கசிந்தாலும் இப்படிக் கூடலாம். கறுப்பாக மலம் போனால் உடனே ஆஸ்பத்திரி. இந்தக் கணக்கைப் பிளட் யூரியாவில் போடாதீர்கள், 44 என்று வந்து பயத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

டொக்டர் கேட்டபோதுதான் மாமா உண்மையைச் சொன்னார். விடிய ஐந்து மணிக்கு ஒரு பிளேன்ரீ, பிறகு மத்தியானம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பின்னேரம் நாரி நோவுக்குக் கடையில் வாங்கிய டைக்குளோபினாக். தண்ணீர் காய்ந்த உடம்புக்கு அந்தக் குளிசை சிறுநீரகத்துக்கு நல்லதில்லை என்று நல்ல பேச்சு விழுந்தது. எனக்கும் சேர்த்து.

யூரியா குறைவாக வந்தால்? பெரும்பாலும் புரதம் குறைந்த சாப்பாடு, கர்ப்பம், சிலவேளை ஈரல் பிரச்சினை. அதையும் டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். 1990களில் பதவியா, மதவாச்சிப் பக்கம் விவசாயிகளிடம் கண்டுபிடித்த, காரணம் இன்னும் உறுதியாகாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் இருக்கிறது. சிறுநீரகத்தின் வேலை பாதியாகக் குறையும் வரைக்கும் கிரியேட்டினின் சாதாரணமாகவே காட்டக்கூடும். அதனால்தான் மாமாவுக்குச் சலத்தையும் சோதிக்க எழுதியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை போகிறோம்.

இப்போது வயலுக்கு ஐந்து லீற்றர் கான் போகிறது. ரிப்போர்ட் இரண்டும் கிளினிக் கொப்பிக்குள். முதலாவதின் மூலையில் மாமா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்: 24 = 51.