‘மிகவும் திருப்தி’ என்று எழுதிக் கொடுத்த மகனின் கேள்வி

மதுரையிலிருந்து ஒரு நேயர் எழுதிய கேள்வி இரண்டு நாட்களாக என்னை விடவில்லை. “அப்பாவை டிஸ்சார்ஜ் செய்த அன்று பில் கவுன்ட்டரில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ‘மிகவும் திருப்தி’ என்று டிக் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், எந்த மாத்திரை எதற்கு என்று எங்களுக்கு யாருமே சொல்லவில்லை என்பது உறைத்தது. நான் பொய் எழுதிவிட்டேனா, ஐயா?” என்று கேட்டிருக்கிறார்.

நீங்கள் பொய் எழுதவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன தந்தை நடந்து வீடு திரும்பும் நாளில், திருப்தியா என்று கேட்டால் எந்த மகன் இல்லை என்பான்? பிழை கேள்வியில் இருக்கிறது. தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு என் பழைய பல்லவி தெரியும்: திருப்தியைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். திருப்தி என்பது எதிர்பார்த்ததையும் கிடைத்ததையும் மனத்துக்குள் நிறுத்துப் பார்த்து நாம் சொல்லும் தீர்ப்பு. ஆகையால் எதையும் எதிர்பார்க்காமல் போனவர் எளிதில் நிறைவடைவார். நிறைய எதிர்பார்த்துப் போனவர் நல்ல சிகிச்சை பெற்றும் முகம் சுளிப்பார். இந்த இடைவெளியையே அளக்க முயன்று, 22 கூற்றுகள் கொண்ட ‘சர்வ்குவால்’ என்னும் வினாத்தாளை 1988-இல் வெளியிட்ட மூவரில் ஒருவரான பரசுராமன் சென்னை ஐஐடியில் படித்தவர் என்பதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

என் தாயார் இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாட்கள் இருந்தார். கடைசி நாளில் ஒரு பெண் படிவத்தோடு வந்து, “திருப்தியா பாட்டி?” என்று கேட்டார். “எல்லாரும் தங்கமான பிள்ளைகள்” என்றார் அம்மா. அவர் போன பிறகு நான் வேறு விதமாகக் கேட்டேன்: “இரவில் மணியை அழுத்தினால் எவ்வளவு நேரத்தில் வந்தார்கள்?” அதற்கு அம்மா, “நான் எங்கே அழுத்தினேன்? பாவம், ஒற்றைப் பெண் அத்தனை பேரையும் பார்க்கிறாள். எழுந்து போக வேண்டாம் என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டேன்” என்றார். அறுவை முடிந்த எழுபத்தெட்டு வயதுப் பெண், செவிலியருக்குத் தொல்லை வேண்டாம் என்று நாவறண்டு கிடந்திருக்கிறார். படிவத்தில் அவர் ஐந்துக்கு ஐந்து.

அமெரிக்காவில் 2006-இல் நடைமுறைக்கு வந்து, 2008 முதல் மருத்துவமனை வாரியாக முடிவுகள் பொதுமக்களுக்கு வெளியிடப்படும் ‘எச்கேப்ஸ்’ என்ற நோயாளிகள் கருத்துக் கணக்கெடுப்பு இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. செவிலியரை உங்களுக்குப் பிடித்ததா என்று அது கேட்பதில்லை. நீங்கள் சொன்னதை எத்தனை முறை கவனமாகக் கேட்டார்கள் என்று கேட்டு, ஒருபோதும் இல்லை, சில நேரங்களில், பெரும்பாலும், எப்போதும் என நான்கு விடைகளைத் தருகிறது. பொதுமக்கள் பார்க்கும் பட்டியலில் ‘எப்போதும்’ என்றவர்களின் விழுக்காடே முதன்மையாக நிற்கும். மதுரை நண்பரே, புதிய மருந்தைத் தருமுன் அது எதற்கென்று எத்தனை முறை சொன்னார்கள் என்பதும் அதில் ஒரு கேள்வி. அதை உங்களிடம் கேட்டிருந்தால், கவுன்ட்டரில் நின்றபடியே விடை கிடைத்திருக்கும். ஆனால் அதையும் நான் முழுதாகப் புகழமாட்டேன். அழைப்பு மணி பற்றிப் பல ஆண்டுகள் அதிலிருந்த கேள்விக்கு ‘நான் மணியை அழுத்தவே இல்லை’ என்றொரு விடையும் இருந்தது. அதைத் தேர்ந்தவர் அந்தக் கேள்வியின் கணக்கிலேயே சேரமாட்டார். என் அம்மா அங்கும் காணாமல்தான் போயிருப்பார்.

எப்போது கேட்கிறோம் என்பதும் விடையை மாற்றும். எச்கேப்ஸில் நோயாளி வீடு திரும்பி 48 மணி நேரத்துக்குப் பிறகு, ஆறு வாரங்களுக்குள்தான் கேட்கத் தொடங்க வேண்டும்; மருத்துவமனையில் இருக்கும்போது கேட்கக் கூடாது. டிரிப்ஸ் ஊசி இன்னும் கையில் இருக்க, அதைக் கழற்ற வேண்டியவர் எதிரில் நிற்க, யார் குறை சொல்வார்? நம் மத்திய அரசு 2016-இல் தொடங்கிய ‘மேரா அஸ்பதால்’ திட்டமும் குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு வழியாகக் கருத்துக் கேட்பதால், இந்த ஒரு வகையில் கவுன்ட்டர் படிவத்தைவிட மேலானது. நினைவுக்கும் ஒரு கோணல் உண்டு. பெருங்குடல் உள்நோக்கிச் சோதனைக்கு வந்தவர்களை ஆராய்ந்து ரெடல்மையர், கானமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் எழுதியதன்படி, வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட அதன் உச்சமும் கடைசி நிமிடங்களுமே நினைவில் தங்குகின்றன. காப்பீட்டு அனுமதிக்காக டிஸ்சார்ஜ் நாளில் மாலை வரை உட்கார வைக்கப்பட்டவரிடம் ஒட்டுமொத்த மதிப்பெண் கேட்டால், அந்த மாலைக்குத்தான் அவர் மதிப்பெண் போடுவார்.

மதிப்பெண்ணைப் பணத்தோடு கட்டினால் வேறு சிக்கல் வரும். எச்கேப்ஸின் வலி பற்றிய கேள்விகள் மருத்துவர்களை ஓபியாய்டு என்னும், பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய வலிநீக்கி மருந்துகளைத் தாராளமாக எழுதத் தூண்டுகின்றனவோ என்ற அச்சத்தால், 2018 நிதியாண்டு முதல் அவை மதிப்பெண்ணைப் பார்த்து அமெரிக்க அரசு மருத்துவமனைகளுக்குப் பணம் வழங்கும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன.

உண்மையில், “நான் எழுதிக் கொடுத்த படிவத்தை யார் படித்தார்கள், படித்து எதை மாற்றினார்கள்?” என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். மருத்துவமனைத் தரப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், மாதக் கூட்டத்தில் திருப்தி 92 விழுக்காடு, 93 விழுக்காடு என்று திரையில் காட்டிவிட்டு டீ குடிக்கப் போனவர்களில் நானும் ஒருவன். அம்மா தண்ணீர் குடிக்காத கதையை வார்டு பொறுப்புச் செவிலியரிடம் சொன்ன பிறகுதான், மணி அடிக்கும்வரை காத்திராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை படுக்கைதோறும் போய், தண்ணீர் வேண்டுமா, கழிப்பறைக்குப் போக வேண்டுமா என்று கேட்கும் வழக்கம் அங்கே வந்தது. 93 விழுக்காடு அதைச் செய்திருக்காது.

ஆகையால் அந்த மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். திருப்தி, அதிருப்தி என்ற சொற்களே அதில் வேண்டாம். எந்தத் தேதியில், எந்த மாத்திரைகளை, எந்த விளக்கமும் இல்லாமல் கையில் கொடுத்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு முன்பாக, அந்த மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடமே போய் எது எதற்கென்று கேட்டுவிடுங்கள்; அப்பா இன்று இரவும் அவற்றைச் சாப்பிட வேண்டுமல்லவா?