யாரும் எழ வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்குச் சேர வேண்டிய புகழையும் சேராத புகழையும் வரவேற்புரையில் கலந்து வழங்கிய செயலாளர் அவர்களே, முன்வரிசையில் பொறுமையாக அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, இசையும் படத்தொகுப்பும் பயிலும் இளம் நண்பர்களே, அழைப்பிதழில் பெயர் போடப்படாத மைக் செட்காரரே, அனைவருக்கும் வணக்கம். கடைசியாகச் சொன்னவருக்கு இன்னொரு வணக்கம். வேலை சரியாக நடக்கும்வரை அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. மைக் ஒரு முறை கீச்சிட்டால் போதும், அரங்கமே திரும்பிப் பார்க்கும்.

இசையமைப்பாளர், இயக்குநர், ஒலி வடிவமைப்பாளர் மூவரும் ஒருவராக இருப்பது எப்படி என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்றையும் வரிசையாகப் பேசுகிறேன்.

முதலில் இசை. இயக்குநர் சத்யஜித் ராயின் தொடக்கப் படங்களுக்கு ரவிசங்கர், விலாயத் கான், அலி அக்பர் கான் போன்ற மேதைகள் இசையமைத்தார்கள். 1961-இல் 'தீன் கன்யா' முதல் அந்த வேலையை ராயே எடுத்துக்கொண்டார். காட்சியை வெட்டும் கையே மெட்டையும் போட்டால் கணக்கு எளிது. திரையில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். நிமிடத்துக்கு 120 தாள அடி வைத்தால் ஓர் அடிக்குச் சரியாக 12 ஃபிரேம். 144 வைத்தால் 10. 132 வைத்தால் 10.9 வரும். ஃபிரேமின் நடுவில் வெட்ட முடியாதே என்று 11-ஆகக் கொண்டால், பதினோராவது அடிக்குள் ஒரு முழு ஃபிரேம் பிசகியிருக்கும்.

இசையமைப்பாளரைக் கடைசியில் கூப்பிட்டால் இன்னொரு வில்லங்கம். எடிட்டர் அதுவரை வேறெங்கோ கேட்ட இசையை டெம்ப் டிராக்காக, அதாவது தற்காலிக இசையாக, ஓட்டியிருப்பார். மூன்று மாதம் அதையே கேட்ட இயக்குநரின் காதில் புதிய மெட்டு எதுவும் ஏறாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

அடுத்து இயக்கம். அதற்கு முன் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பென் பர்ட் என்ற இளைஞரை 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ஒலி உருவாக்க எப்போது வேலைக்கு எடுத்தார்கள் தெரியுமா? 1975-இல். படம் வந்தது 1977-இல். படப்பிடிப்பே தொடங்கவில்லை, கையில் இருந்தவை ஓவியங்கள்தான். அதில் ஒளிவாள் ஒன்று. ஒளிக்கு ஏது சத்தம்? பழைய புரொஜெக்டரின் மோட்டார் ரீங்காரம் அவர் நினைவுக்கு வந்தது. பதிவு செய்தார். போதவில்லை, மிரட்டல் குறைந்தது. ஒருநாள் மைக்கை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியைக் கடக்கிறார். மைக்கின் ஒயர் பழுது. படக்குழாயின் இரைச்சல் அதன் வழியே 'ஸ்ஸ்ர்ர்' என்று பதிவாகிவிட்டது. நாமாக இருந்தால் ஒயரைக் குப்பையில் போட்டிருப்போம். அவர் அந்த இரைச்சலை ரீங்காரத்தோடு கலந்தார். கலந்தாயிற்று, வாள் சுழல வேண்டாமா? கலவையை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன் முன்னே இன்னொரு மைக்கை வாள்போல வீசி வீசி மறுபடி பதிவு செய்தார். மைக் நெருங்கினால் சுருதி ஏறும், விலகினால் இறங்கும். ரயில் நம்மைக் கடக்கும்போது ஊதல் மாறுகிறதே, அதே சங்கதி. அந்த மனிதர்தான் பின்னாளில் படத்தொகுப்பும் செய்தார், ஆவணப்படங்களும் இயக்கினார். இயக்கம் பற்றி இது போதும்.

பர்டுக்குக் கிடைத்தது முன்கூட்டிய நேரம். அது பெரிய படம். மாணவர் படத்துக்கு நான் கேட்பது 60 நொடி. ரூம் டோன், நண்பர்களே! யாரும் பேசாதபோதும் ஓர் அறையில் கேட்கும் ஒலி. எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் பேசுகிறேன் என்று குறை சொல்பவர்கள் சொல்லட்டும்.

வசனத்தை வெட்டி ஒட்டும்போது நடுவில் இடைவெளி விழும். அதில் முழு மௌனத்தை வைத்தால் ஸ்பீக்கர் செத்துப்போனதுபோல் கேட்கும். அந்த அறையின் மூச்சைத்தான் அங்கே வைக்க வேண்டும். காட்சி முடிந்ததும் அதே மைக், அதே உயரம், அதே கெயின், அதாவது மைக்கின் ஒலியேற்ற அளவு. விளக்குகள் எரியட்டும், அவற்றுக்கும் முனகல் உண்டு. ஆட்கள் வெளியேறக் கூடாது. உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சுவதால் காலி அறை வேறு மாதிரி ஒலிக்கும். வசனத்துக்காக ஃபிரிட்ஜை நிறுத்தியிருந்தால் இதற்கும் நிறுத்தியே வையுங்கள். வண்டிச் சாவியை அதற்குள் போட்டுவிடுங்கள். திரும்ப ஓடவிட மறக்காமல் கிளம்புவீர்கள்.

எடுக்காமல் விட்டால்? எல்லா ஒலிகளையும் கலந்து சேர்க்கும் மிக்ஸிங் நாளன்று இரண்டு வசனங்களுக்கு நடுவே கிடைத்த இரண்டு நொடியை வெட்டித் திரும்பத் திரும்ப ஒட்டுவார்கள். அது நாடித்துடிப்புபோல் அடித்துக் காட்டிக்கொடுக்கும். மறுபடி அந்த அறைக்குப் போனால் விளக்கு இருக்காது, ஆளும் இருக்காது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொன்னேனே, இதுதான்.

மூன்றாவது கூறான ஒலிக்கு எப்போது வருவீர்கள் என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். ஐயா, வந்து வெகுநேரம் ஆயிற்று. முதல்வர் அவர்களுக்கு ஒரே விண்ணப்பம். மாணவர்களின் படப்பிடிப்பு அட்டவணையில் ஒவ்வொரு இடத்துக்கும் கீழே 'ரூம் டோன், 60 நொடி' என்று ஒரு வரி அச்சிடுங்கள். அந்த வரியில் 'ஆயிற்று' என்று எழுதாமல் அடுத்த இடத்துக்கு நகர விடாதீர்கள்.

இப்போது கைதட்ட வேண்டாம். நாற்காலியை நகர்த்த வேண்டாம், யாரும் எழ வேண்டாம். விசிறிகள் ஓடட்டும். மைக் செட்காரரே, பதிவை ஓடவிடுங்கள். ஒரு நிமிடம்.