ஜிம்னி வாங்கப் போறீங்களா? முதல்ல அந்த ரெண்டாவது லிவரைப் பாருங்க

[காட்சி: மலைப்பாதையில் ஜிம்னி]

வணக்கம். 2023-ல இந்தியாவுல வந்த அஞ்சு கதவு மாருதி சுசுகி ஜிம்னியைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். எஞ்சின் 1.5 லிட்டர் பெட்ரோல், 105 பிஎஸ். டீசல் கிடையாது. ஹைவேல ஓவர்டேக் பண்ணணும்னா கியரைக் குறைச்சே ஆகணும். எஞ்சின் பத்தி இவ்வளவு போதும்.

[காட்சி: கியர் பக்கத்து சின்ன லிவர், மிக அருகில்]

விஷயம் இங்கதான் இருக்கு. இந்த சின்ன லிவர்ல 2எச், 4எச், 4எல்னு மூணு நிலை. 2எச்-ல பின் சக்கரத்துக்கு மட்டும் சக்தி போகும். தினசரி ஓட்டத்துக்கு அதுதான். 4எச் போட்டா நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும். முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும், அதாவது ரெண்டு பக்க சக்கரத்தையும் இணைக்கிற தண்டுகள், இறுகச் சேர்ந்துடும். ரெண்டையும் வேற வேற வேகத்துல சுத்த விடற டிஃபரென்ஷியல் நடுவுல கிடையாது. வளைவுல முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் உருளணும் இல்லையா? சேத்துல, மணல்ல டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிடும். காய்ஞ்ச தார் ரோட்டுல அது நடக்காது. பார்க்கிங்ல திருப்பினா ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் பிடிச்ச மாதிரி வண்டி தடுக்கும். அது ரிப்பேர் இல்ல. ஆனா அப்படியே ஓட்டினா உள்ள இருக்கிற பாகங்கள்தான் அடி வாங்கும். தார் ரோடு வந்ததும் 2எச்-க்கு மாத்திடுங்க.

[காட்சி: பாறை மேல் வண்டி, ரெண்டு சக்கரம் அந்தரத்தில்]

4எல்-னா நாலு சக்கரமும் மெதுவா, ஆனா அதிக இழுவையோட சுத்தற நிலை. அதைப் போட வண்டியை நிறுத்தணும். இப்படி சக்கரம் தரையை விட்டுத் தூக்கி சும்மா சுத்தும்போது பதறிப்போய் காலை எடுத்துடாதீங்க. ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவுல பிடிச்சிருங்க. சுத்துற சக்கரத்தை மட்டும் வண்டியே பிரேக் போட்டுப் பிடிக்கும். கடகடன்னு ஒரு சத்தம் வரும், தரையைத் தொட்ட சக்கரத்துக்கு சக்தி போகும், வண்டி ஏறிடும். எடை சுமார் 1,200 கிலோதான், அடியில 210 மில்லிமீட்டர் இடைவெளி. இந்த விலையில இதைச் செய்யற வண்டி ரொம்பக் குறைவு, அதனாலதான் எனக்கு இதை அவ்வளவு பிடிக்கும்.

[காட்சி: கொண்டை ஊசி வளைவு, ஓட்டுநரின் கை]

இந்தத் திறமையைக் கொடுக்கிற பாகங்கள்தான் நல்ல ரோட்டுல தொல்லையும் கொடுக்கும். ஏணி மாதிரி இரும்புச் சட்டமான லேடர் ஃபிரேம், முன்னாலயும் பின்னாலயும் ஒரே துண்டு ஆக்ஸில். இடது சக்கரம் பள்ளத்துல இறங்கினா வலதுபக்கமும் ஆடும், பின் சீட்ல நல்லாவே தெரியும். ஸ்டீயரிங் ரீசர்குலேட்டிங் பால் வகை, அதாவது உள்ள சின்ன இரும்பு உருண்டைகள் சுழல்ற அமைப்பு. பாறையோட உதை கைக்கு அவ்வளவா வராது, ஆனா திருப்பினப்புறம் தானா முழுசா நேராகாது. கொல்லிமலையோட 70 வளைவுலயும் உங்க கைதான் ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கொண்டுவரணும்.

நாலு பேருக்குத்தான் இடம். டிக்கி 208 லிட்டர். ஸ்டெப்னி மாட்டின பின்கதவு பக்கவாட்டுலதான் திறக்கும், அதனால சுவரை ஒட்டி ரிவர்ஸ் விட்டா பெட்டி எடுக்க வழியில்ல.

டெஸ்ட் டிரைவ் போகும்போது வீட்டுல பெரியவங்களைப் பின் சீட்ல உட்கார வச்சு, குண்டும் குழியுமான ரோட்டுல ஓட்டிப் பாருங்க. அவங்க சரின்னு சொன்னப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.