மரத்து மூட்டில் கொஞ்சம் மண்

நேயர்களுக்கு வணக்கம்.

பங்குனி வெயிலில் பாளையங்கோட்டைத் தெருவில் நடந்து வந்து, பூங்காவில் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த நிழலின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரே காய்கிற நேரத்தில் புங்கை பழைய இலையை உதிர்த்துவிட்டுத் தளதளவென்று துளிர்த்து நிற்கும். பின்னாலேயே பூ. தரையெல்லாம் பொரி இறைத்த மாதிரி கிடக்கும்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பூங்காவில் அப்படி ஒரு புங்கை. சில வருஷங்களுக்கு முன்னால், நடைபாதையை அழகாக்குகிறோம் என்று மரத்து மூடு வரைக்கும் சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள். சேறு மிதிக்க வேண்டாமே என்று நானும் சந்தோஷப்பட்டேன். அடுத்த கோடையில் உச்சிக் கொப்புகள் துளிர்க்கவில்லை. அதற்கடுத்த கோடையில் பாதி மரம் மொட்டை.

செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற பெரியவர்தான் காரணம் சொன்னார். “அண்ணாச்சி, வாயையும் மூக்கையும் பொத்திப்புட்டு, தழைச்சு நில்லுன்னா மரம் என்ன செய்யும்?”

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களின் இடுக்கில் இருக்கும் காற்றுதான் அதற்குப் பிராணவாயு. நீரையும் சத்தையும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்களில் பெரும்பகுதி ஆழத்தில் இல்லை. மேல்மண்ணில், ஏறக்குறைய 2 அடிக்குள், கொப்புகளின் நிழலையும் தாண்டிப் பரவிக் கிடக்கிறது. வளர்ந்த மரத்துக்கு மூட்டிலேயே குடம் குடமாக ஊற்றுவதைவிட, நிழல் முடிகிற விளிம்பில் வட்டப் பாத்தி வெட்டி, மண் ஆழ ஊறும்படி விடுவதே நல்லது. கல் பதித்த இடத்தில் ஐப்பசி மழையே கொட்டினாலும் பெரும்பாலும் வாறுகாலுக்குத்தான் போகும்.

சருகைக் கூட்டி மரத்தடியிலேயே தீ வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. அது மரம் தனக்கே போட்டுக்கொள்கிற உரம். பட்டையில் ஒட்டாமல், நாலு விரல் கனத்துக்குப் பாத்தியில் பரப்பினால் போதும், ஈரமும் நிற்கும். விளம்பரப் பலகைக்கு ஆணி அடிப்பது, சீரியல் விளக்குக் கம்பியை இறுக்கிக் கட்டுவது இரண்டையும் நிறுத்த வேண்டும். இலை சமைக்கிற உணவு பட்டையின் உட்புறமாகத்தான் வேருக்கு இறங்குகிறது.

தாமிரபரணிக் கரை மருத மரங்களுக்கு யாரும் குடம் சுமக்கவில்லை. ஆறு பார்த்துக்கொள்கிறது, பழந்தின்னி வௌவால்கள் தொங்க இடமும் கிடைக்கிறது. நகரத்துப் பூங்கா மரத்துக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அந்தப் புங்கைக்காக நாலைந்து பேர் போய்க் கேட்டோம். அனுமதி கிடைத்தது. சுற்றிலும் 4 அடிக்குக் கல்லைப் பெயர்த்து, மம்பட்டி வேரில் படாமல் பார்த்துப் பார்த்துக் கிளறி, தொழுவுரம் போட்டோம். இந்தப் பங்குனியில் கிழக்குப் பக்கம் மூன்று கொப்புகள் துளிர்த்திருக்கின்றன. மேற்குப் பக்கத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். ஐப்பசி மழை வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருக்கிறார் பெரியவர்.