கரண்ட் வைத்த இடத்தில் ஒரு கன்றல்

(இலங்கையின் ஹட்டனில் தேயிலைத் தோட்டப் பெண்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மாரே, சகோதரிகளே,

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து, கண்டியிலோ மஹரகமவிலோ கரண்ட், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைத்துக்கொண்டு வந்து, மறுபடி கொழுந்துக் கூடையைத் தூக்கியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். கரண்ட் வைத்த இடத்தில் பல வருடம் கழித்து, அரிதாக, வேறொரு புற்று வரலாம். அதைப் பற்றி உங்களோடு பேசத்தான் வந்தேன்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் கதிர்வீச்சு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மார்பகத்தை முழுதாக அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்து 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கதிர்வீச்சு பெறாதவர்களில் பத்து ஆண்டுக்குள் 100க்கு 35 பேருக்கு நோய் திரும்பியது. பெற்றவர்களில் 19 பேருக்குத்தான். உயிர் காக்கும் சிகிச்சை அது.

ஆனால் அந்தக் கதிர், புற்றணுக்களின் மரபணுவை உடைக்கும்போது பக்கத்து நல்ல அணுக்களையும் தொடுகிறது. பெரும்பாலானவை தேறிவிடும். எங்கோ ஒன்று பிழையோடு பிழைத்து, பல வருடம் கிடந்து, வேறொரு புற்றாகத் தலைதூக்கலாம். 1948இலேயே கஹான் முதலிய மருத்துவர்கள் இதற்கு அளவுகோல் வகுத்தார்கள்: கதிர் பட்ட அதே இடம், இடையில் நீண்ட காலம், முதல் நோயிலிருந்து மாறுபட்ட வகை.

மார்பகத்தில் அப்படி வருவதில் ஒன்று ஆஞ்சியோசார்கோமா. இரத்தக் குழாயின் உட்புறத்தில் தோன்றும் புற்று. கதிர்வீச்சு பெற்ற ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, அதுவும் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழித்து வருகிறது.

அது பெரும்பாலும் கட்டியாகத் தொடங்குவதில்லை. தோலில் ஊதாவாகவோ செந்நீலமாகவோ ஒரு திட்டு; அடிபட்டுக் கன்றியது போலவே இருக்கும். நம் பெண்கள் என்ன நினைப்பார்கள்? தேயிலை மிலாறுக் குச்சி குத்தியிருக்கும், விறகுக் கட்டு இடித்திருக்கும் என்று தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் மலைக்குப் போய்விடுவார்கள். கிளினிக் போனால் அன்றைய பேர், அன்றைய கூலி, போய்விடுமே! அந்தப் பயம் எனக்குத் தெரியாததல்ல.

கன்றிய காயம் இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகி மறையும். இது மறையாது, பரவும், பக்கத்தில் இன்னொரு புள்ளி எழும். மெமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். தோலில் துண்டெடுத்துச் சோதித்தால்தான் நிச்சயம். முதல் சோதனையில் பிடிபடாமல், திட்டு மட்டும் நிலைத்திருந்தால், மறுபடி எடுங்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நேரத்தோடு கண்டால் அந்தப் பகுதியை அகலமாக வெட்டி எடுக்க வழியுண்டு.

கரண்ட் வைத்த மற்ற இடங்களிலும் இப்படிப் புதிய புற்று வரலாம். ஆகவே வாய்ப் புற்றுக்குக் கரண்ட் வைத்த ஆண்களும் தாடையில் புதிய வீக்கம் கண்டால் காட்ட வேண்டும்.

பத்து வருடம் கழித்துத் தோட்டத்து டிஸ்பென்சரியில் உட்கார்ந்திருப்பவர் புதியவராக இருப்பார். நீங்கள் சொன்னாலொழிய அவருக்கு உங்கள் பழைய கதை தெரியாது. ஆகவே கிளினிக் கொப்பியைத் தூக்கி எறியாதீர்கள். லயத்துக் கூரை ஒழுகும். பொலித்தீன் உறையில் போட்டு, அடையாள அட்டையோடு வையுங்கள். எந்தப் பக்கம், எந்த ஆண்டு, எந்த ஆஸ்பத்திரி என்பதை முதல் பக்கத்தில் பிள்ளைகளைக் கொண்டு பெரிதாக எழுதி வையுங்கள். எழுத ஆளில்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நான் எழுதித் தருகிறேன்.